அத்தியாயக் கோடுகளின் பூர்வோத்தரம்

யூடியூபில் ஓடுகின்ற நீண்ட காணொளி ஒன்றின் அடியிலே செல்லும் மெல்லிய கோட்டைச் சற்று உற்று நோக்குகிறவர், அது ஆங்காங்கே மயிரிழை அளவு அறுபட்டிருப்பதையும், அவ்வாறு அறுபட்ட துண்டுகளில் ஏதேனும் ஒன்றின்மேல் விரலை வைத்த மாத்திரத்தில் அந்தப் பகுதிக்கு உரிய தலைப்பு மேலே தோன்றுவதையும் காண்பார். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் பொது உபயோகத்துக்கு வந்த இந்த ஏற்பாட்டை, வந்த நேயரைப் பாதியில் எழுந்து போகவிடாமல் இருத்திவைப்பதற்கு ஏற்ற உபாயம் என்று சேனல் நடத்துவோர் இன்று ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லி வருகிறார்கள். அது உண்மையே. ஆயினும் இந்தச் சிறு கோடுகளுக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத சரித்திரம் ஒன்று நிற்கிறது. அந்தச் சரித்திரத்தின் தொடக்கத்தில் இவை, முழுவதையும் படிக்கப் போவதில்லை என்று முன்னரே தீர்மானித்துவிட்ட வாசகருக்காகவே, அதாவது விட்டுப் போகிறவருக்காகவே, இடப்பட்டவை. விட்டுப் போவதற்கு இட்ட குறி தங்கியிருப்பதற்குக் காரணமாக மாறிய அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் சட்டங்களைச் செப்புக் கலப்பு உலோகத் தகடுகளில் பொறித்தவர்கள், பிரிவுக்குப் பிரிவு தலைப்பிட்டுப் பொறித்திருக்கிறார்கள். சட்டத்தை ஒருவரும் ஆதியோடந்தமாக வாசித்து இன்புறுவதில்லை. தம் வழக்குக்கு வேண்டிய விதி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டு, அதை மட்டும் பார்த்துவிட்டு அகல்கிறவர்களே அதன் வாசகர்கள். இந்த வழக்கத்தைப் பெருநூல் ஒன்றுக்கு விரிவாகக் கையாண்டு, அதற்குரிய நியாயத்தையும் வெளிப்படையாக எழுதிவைத்தவர் மூத்த பிளினி. அவர் கி.பி. 77இல், வெஸ்பாசியன் சக்கரவர்த்தியின் குமாரரும் பிற்காலத்துச் சக்கரவர்த்தியுமான டைட்டஸுக்குச் சமர்ப்பித்த ‘இயற்கை வரலாறு’ என்னும் மகாகிரந்தம் 37 பாகங்களை உடையது. அவற்றுள் முதற்பாகம் ஏறத்தாழ முழுவதும் மற்ற 36 பாகங்களிலும் அடங்கியவற்றின் அட்டவணையே. ராஜ்ய காரியங்களில் மூழ்கியிருக்கும் தங்களுக்கு இதை முழுதும் படிக்கும் சிரமம் வேண்டாம்; மற்றவர்களும் தத்தமக்கு வேண்டியதை மட்டும் தேடி, அது இருக்கும் இடத்தை அறிந்துகொள்ளலாம் என்பது அவர் முன்னுரையில் சொல்லும் கருத்து. லத்தீனில் தமக்கு முன்பே வலேரியஸ் சொரானஸ் என்பவர் இவ்வாறு செய்திருப்பதையும் அவர் மறவாமல் குறிப்பிடுகிறார். நூலைப் படைத்தவனே, என் நூலை முழுதும் படிக்க வேண்டியதில்லை என்று வாசகனுக்கு விடை கொடுத்து அனுப்பும் அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு பிளினியிடம் மரியாதை மிகுகிறது.

ஆனால் அவர் காலத்து நூல் சுருளாக இருந்தது. அட்டவணையில் ஓர் இடத்தைக் கண்டுகொண்டாலும், அந்த இடத்தைச் சென்றடையச் சுருளை ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். தாள்களை மடித்து ஓரத்தில் தைத்த ஏடு, கிறிஸ்து சகாப்தத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் சுருளின் இடத்தைப் பிடித்த பிறகுதான், வாசகன் நினைத்த பக்கத்துக்குத் தாவுவது இலகுவாயிற்று. 4ஆம் நூற்றாண்டில் செசரியா நகரத்து யூசிபியஸ், நான்கு சுவிசேஷங்களையும் சிறு சிறு பகுதிகளாக எண்ணிட்டு, ஒரே சம்பவம் எந்தெந்தச் சுவிசேஷத்தில் எந்தெந்த எண்ணில் வருகிறது என்பதைப் பத்து அட்டவணைகளில் அடக்கிக் காட்டினார். தூண்களும் வளைவுகளும் தீட்டி, அவற்றின் இடையே எண் வரிசைகளை எழுதிய அந்த அட்டவணைகள் பல நூற்றாண்டுகள் வரை சுவிசேஷப் பிரதிகளின் முகப்பை அலங்கரித்தன.

இன்று உலகெங்கும் வழங்கும் விவிலிய அதிகாரப் பிரிவு, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்துப் பாடசாலைகளில் நிலைபெற்றது. அதனைச் செய்தவர், அங்கே ஆசிரியராக இருந்து 1207இல் காண்டர்பரியின் பேராயராக அபிஷேகம் பெற்றவரும், மேக்னா கார்ட்டா என்னும் 1215ஆம் ஆண்டு மகா சாசனத்தோடு பெயர் இணைந்தவருமான ஸ்டீபன் லாங்டன் என்பது மரபு. பல தேசங்களிலிருந்து வந்து கூடிய மாணாக்கர்கள் கையில் பலவிதமாகப் பிரிக்கப்பட்ட பிரதிகள் இருந்தமையால், ஆசிரியர் ஓர் இடத்தைச் சொன்னால் அனைவரும் அதை ஒரே சமயத்தில் திறக்க வழியில்லாதிருந்தது. அந்தச் சங்கடத்தைத் தீர்க்க எழுந்தது இந்தப் பிரிவு. அதன்மேல் கட்டடம் எழுப்பியவர்கள் அதே நகரத்துத் தோமினிக்கத் துறவிகள். செயிண்ட் ஷெரின் ஹியூ என்பவருடைய தலைமையில், ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறுகளாகப் பாவித்து, விவிலியத்துச் சொற்களுக்கெல்லாம் இடஞ்சுட்டும் அகராதி ஒன்றை அவர்கள் தொகுத்தார்கள். வசன எண்கள் வருவதற்கு மேலும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின. அச்சகத்தார் ராபர்ட் எஸ்தியென் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அவற்றை இட்டார். பாரிஸிலிருந்து லியோன் நகரத்துக்குப் பிரயாணம் செய்த காலத்தில் தம் தந்தையார் அந்த வேலையைச் செய்தார் என்று அவருடைய குமாரர் எழுதியிருக்கிறார்.

இத்தனை உபகாரம் செய்த அந்தப் பிரிவில் பிழைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் கடந்து போவது சரியன்று. ஆதியாகமத்தின் சிருஷ்டி வரலாறு ஏழு நாள்களால் ஆனது. ஏழாம் நாளாகிய ஓய்வு நாளோடு நிறைவு பெறுவது அதன் அமைப்பு. அதிகாரம் பிரித்தவரோ ஆறாம் நாளோடு முதல் அதிகாரத்தை முடித்துவிட்டபடியால், ஏழாம் நாள் இரண்டாம் அதிகாரத்தின் தலையில் தனித்து நிற்கிறது. ஏசாயாவின் நூலில், துன்புறும் தாசனைப் பற்றிய பாடல் 52ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அதன் முதல் மூன்று வசனங்களை ஒருபுறம் விட்டுவிட்டு எஞ்சியதற்கு 53ஆம் அதிகாரம் என்று பெயராயிற்று. அப்போஸ்தலருடைய நடபடிகளிலோ, எருசலேமின் படிகளிலே நின்று பவுல் ஜனங்களுக்குக் கையமர்த்தி, அமைதி உண்டான பின், எபிரெய மொழியில் பேசத் தொடங்கினார் என்ற அளவில் 21ஆம் அதிகாரம் முடிந்து போகிறது. அவர் பேசிய பேச்சு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. நாள்தோறும் ஓர் அதிகாரம் என்று நியமம் வைத்துப் படிக்கும் பக்தர்கள், தலைமுறை தலைமுறையாக, பவுல் வாய் திறந்த தருணத்தில் நூலை மூடிவிட்டு மறுநாள்தான் அவருடைய பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். பிரிப்பது மூலத்தின் ஓர் எழுத்தையும் மாற்றாத வேலைதான். இருந்தும் எங்கே மூச்சு விடுவது, எதை எதனோடு சேர்த்து நினைப்பது என்பதையெல்லாம் அது தீர்மானித்து விடுகிறது. பிரிப்பவனுடைய பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம்முடைய நாட்டில் இந்தக் காரியம் வேறு வழியில் நடந்தது. தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களும் அதிகாரத்துக்கு ஒன்பதாக 27 இயல்களும் கொண்டது. சிலப்பதிகாரம் மூன்று காண்டங்களில் 30 காதைகளும், சீவக சிந்தாமணி 13 இலம்பகங்களும் கொண்டவை. கம்பருடைய காவியம் காண்டங்களாகவும் படலங்களாகவும் விரிகிறது. திருக்குறளில் அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்ற நியதி 133 அதிகாரங்களிலும் ஒரு முறைகூடத் தவறுவதில்லை. இங்கே பிரிவு என்பது பிற்காலத்தார் தேடுவதற்கென்று ஒட்டிய சீட்டன்று, நூலின் உடம்பிலேயே அமைந்த அங்கம். ஓலைச்சுவடியில் படிப்பவர்களுக்கும், சுவடியின்றி மனனம் செய்து வைத்திருப்பவர்களுக்கும், பத்து என்ற கணக்கு ஒரு காவலாக இருந்தது. ஒன்று விடுபட்டால் எண்ணிக்கையே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அப்படியிருந்தும், அதிகாரத்தினுள் குறள்கள் நிற்கும் வரிசையில் மணக்குடவருக்கும் பரிமேலழகருக்கும் வேறுபாடு உண்டு. எந்தக் கருத்து எதன் பின் வரவேண்டும் என்று உரைகாரர்களும் தத்தம் அளவில் சிந்தித்திருக்கிறார்கள். பாரிஸ் பாடசாலையின் பிரிவும் நம் நாட்டுக்கு வராமலிருக்கவில்லை. சீகன்பால்கு மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டின் வழியே அது தமிழுக்கும் வந்து சேர்ந்தது.

தேடுவதற்காக ஏற்பட்ட பிரிவு, தொடர்ந்து படிப்பதற்கென்றே எழுதப்பட்ட கதைகளுக்குள் நுழைந்ததுதான் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். சர் தாமஸ் மேலரி எழுதிய ஆர்தர் ராஜன் கதையை 1485இல் அச்சிட்ட வில்லியம் காக்ஸ்டன், அதனை 21 புத்தகங்களாகவும் 507 அத்தியாயங்களாகவும் தாம் வகுத்ததாக முன்னுரையில் கணக்குச் சொல்லி, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்ற அட்டவணையையும் சேர்த்தார். 1934இல் வின்செஸ்டர் கல்லூரியில் அந்தக் கதையின் கையெழுத்துப் பிரதி ஒன்று அகப்பட்டபோது, காக்ஸ்டனுடைய அத்தியாயங்கள் எவையும் அதில் இல்லை என்பது தெரியவந்தது. கடையில் நின்று புரட்டிப் பார்த்து வாங்கும் புதிய வாசகர் கூட்டம் ஒன்று அச்சினால் உண்டாகி வந்த காலம் அது. அந்த அட்டவணையைக் கண்டு, இந்த அத்தியாயத்தை இன்றைக்கே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிச் சென்றவர்களும் இருந்திருப்பார்கள் என்று நான் கருதுகிறேன்.

18ஆம் நூற்றாண்டில் ஆசிரியர்கள் இந்த உரிமையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஹென்றி ஃபீல்டிங் 1742இல் வெளியிட்ட ‘ஜோசப் ஆண்ட்ரூஸ்’ நாவலின் இரண்டாம் புத்தகத்தை, நூல்களை ஏன் பிரிக்கிறார்கள் என்னும் விசாரத்தோடு தொடங்குகிறார். அத்தியாயங்களுக்கு இடையில் உள்ள வெற்றிடம் வழிப்போக்கன் தங்கி இளைப்பாறும் சத்திரத்தைப் போன்றது. அத்தியாயத் தலைப்போ அந்தச் சத்திரத்தின் வாயிலில் உள்ளே என்ன கிடைக்கும் என்று எழுதித் தொங்கவிட்ட பலகை. அதைப் பார்த்து, வேண்டாதவன் உள்ளே நுழையாமலே மேலே போகலாம் என்று அவர் விளக்குகிறார். வாசகனுடைய களைப்பைக் குற்றமாக எண்ணாமல், இளைப்பாறி எழுந்தவனே நெடுந்தூரம் வருவான் என்று கண்டு சொன்ன இந்தப் பகுதி, நான் அறிந்த வரையில், அத்தியாயம் வாசகனைத் தக்கவைக்கும் கருவி என்ற எண்ணத்தின் முதல் தெளிவான உருவம். அவருக்குப் பின்வந்த லாரன்ஸ் ஸ்டெர்ன், ‘ட்ரிஸ்ட்ரம் ஷாண்டி’யின் நான்காம் பாகத்தில் 24ஆம் அத்தியாயத்தையே இல்லாமற் செய்து, பக்க எண்களையும் தாண்டவிட்டு, அத்தியாயம் என்ற அமைப்பின்மீது வாசகன் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறான் என்பதை அந்த வெற்றிடத்தால் உணர்த்தினார்.

அதன் பின் தொடர்கதை வந்தது. டிக்கன்ஸின் ‘பிக்விக்’ 1836இலிருந்து மாதந்தோறும் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. நம் மொழியில் ராஜமய்யருடைய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ப் பத்திரிகையில் தொடர்ந்தது; கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், வாரந்தோறும் வந்து தமிழ்க் குடும்பங்களைக் காத்திருக்க வைத்தது. தொடர்கதையின் அத்தியாய முடிவு ஃபீல்டிங் சொன்ன ஓய்வுக்கு நேர் எதிரானது. நடுவில் ஒரு வாரம் கழிய வேண்டியிருந்தமையால், வாசகன் மனத்தில் அமைதியை அல்ல, தவிப்பையே அது விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. ஆயினும் கல்கி அதனோடு நின்றுவிடவில்லை. ‘ஆடித் திருநாள்’ என்று தொடங்கும் அவருடைய அத்தியாயத் தலைப்புக்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பார்த்தாலும், கதை வெளிப்பட்டுவிடாமல், அதே சமயம் உள்ளே இருப்பதைப் பற்றிப் பொய்யான வாக்குறுதி எதுவும் கொடுக்காமல், அவை நம்மை உள்ளே அழைப்பதை உணரலாம். அக்காலத்துத் திரைப்படக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களிலும் இதற்கு இனமான ஒரு சம்பிரதாயம் இருந்தது: கதைச் சுருக்கத்தை முக்கால் பங்கு சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித் திரையில் காண்க என்று முடித்திருப்பார்கள். எவ்வளவு சொல்லுவது, எவ்வளவு மறைப்பது என்ற அளவறிவு அந்தப் பெயர் அறியாத எழுத்தாளர்களுக்கு நன்றாகவே கைவந்திருந்தது.

சினிமாவின் துண்டுகள் முதலில் இயந்திரத்தின் வரம்பால் ஏற்பட்டவை. ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு சுருள், பேசும் படத்தின் வேகத்தில், ஏறக்குறைய 11 நிமிஷமே ஓடும். ஒற்றை இயந்திரம் வைத்து நடத்திய நம் டூரிங் கொட்டகைகளில் சுருள் மாற்றுவதற்காகவே படத்தைப் பலமுறை நிறுத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாரம் ஒரு பகுதியாகக் காட்டிய தொடர் படங்கள் அத்தியாயம் என்ற பெயரையே பூண்டன. 1936இன் ‘ஃப்ளாஷ் கார்டன்’ 13 அத்தியாயங்களை உடையது. எனினும் கொட்டகையில் அமர்ந்திருப்பவருக்கு முன்னே தாவவோ பின்னே மீளவோ வழி கிடையாது. எழுந்து போவது ஒன்றே அவருக்கு இருந்த சுதந்திரம்.

அந்த நிலையை மாற்றியது வீட்டுக்குள் வந்த படம். ஒளிநாடா பழைய சுருளின் குணத்தையே உடையதாக இருந்தது. இருக்கும் இடத்திலிருந்து வேண்டிய இடம் வரை நாடாவை ஓட்டிக்கொண்டே போயாக வேண்டும். சுருளிலிருந்து ஏட்டுக்கு மாறியபோது நூல் அடைந்த விடுதலையைப் படம் அடைந்தது லேசர் வட்டில்தான். 1978 டிசம்பரில் அட்லாண்டா நகரத்தில் விற்பனைக்கு வந்த அந்த வட்டின் ஒருவகையில், ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷ அளவில் 54,000 தனிப்படங்கள், ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு, பதிவாகியிருந்தன. அத்தியாய எண்ணையோ தனிப்படத்தின் எண்ணையோ அழுத்தினால் இயந்திரம் நேரே அங்கே சென்று நின்றது. 1984இல் ‘சிட்டிசன் கேன்’, ‘கிங் காங்’ ஆகிய இரண்டையும் கொண்டு தொடங்கிய க்ரைடீரியன் நிறுவனம், ‘கிங் காங்’ வட்டில் ரொனால்ட் ஹேவர் என்னும் அறிஞரின் விளக்கவுரையையும் மற்றோர் ஒலித்தடத்தில் சேர்த்துப் பதிப்பித்தது. உரையோடு கூடிய நூலைப் போலவே திரைப்படமும் பகுதி பகுதியாகத் திரும்பத் திரும்பக் கற்கப்படும் பொருளாயிற்று. 1996 இறுதியில் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் வந்த டி.வி.டி., காட்சிகளைச் சிறு சித்திரங்களாக அடுக்கிய பட்டியலை எல்லார் வீட்டிலும் பழக்கமான ஒன்றாக்கிவிட்டது.

இந்தப் பிரிவை மறுத்த கலைஞரும் உண்டு. டேவிட் லிஞ்ச் தம்முடைய ‘த ஸ்ட்ரெயிட் ஸ்டோரி’, ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ ஆகிய படங்களின் டி.வி.டி.க்களில் அத்தியாயங்களே இல்லாதபடி செய்துவிட்டார். திரைப்படம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் காண வேண்டியது என்பது அவருடைய கொள்கை. கனவின் தர்க்கத்தில் நகரும் படத்துக்கு அது பொருத்தமானதே. அவ்வளவு தூரம் தம் படைப்பின் முழுமையைக் காத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பார்ப்பவரின் பக்கமும் ஒன்று உண்டு: ஏதோ காரணத்தால் பாதியில் எழுந்து போய் மறுநாள் திரும்பியவர், விட்ட இடத்தைக் காண ஆரம்பத்திலிருந்து படத்தை ஓட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

2005 ஏப்ரல் 23ஆம் தேதி யூடியூபில் ஏறிய முதற் காணொளி, ஸான் டியேகோ மிருகக்காட்சிசாலையின் யானைகளுக்கு முன்னால் நிற்கும் ஓர் இளைஞரைக் காட்டி, 19 வினாடிகளில் முடிந்துவிடுகிறது. 2006 மார்ச்சில் 10 நிமிஷம் என்று வரம்பு வகுத்தார்கள். 2010 ஜூலையில் அது 15 நிமிஷமாயிற்று. அவ்வாண்டு முடியுமுன், விதிகளை மீறாத பலருக்கு அந்த வரம்பும் நீங்கியது. காணொளி குறுகியிருந்தவரையில் அதனுள் வழி தேட வேண்டிய அவசியம் இல்லை. மணிக்கணக்கில் நீண்டபோது அந்த அவசியம் வந்தது. அதனை முதலில் நிறைவு செய்தவர்கள் பதிவேற்றியவர்கள் அல்லர், பார்த்தவர்களே. காணொளியின் கீழே நேரத்தை எண்ணால் எழுதினால் அது அந்த நேரத்துக்கே அழைத்துச் செல்லும் இணைப்பாக மாறும் வசதி கிடைத்ததும், முகம் தெரியாத நேயர்கள் முழுவதையும் பார்த்து, பகுதிகளைக் கண்டு, பட்டியல் எழுதத் தொடங்கினார்கள்.

இதில் நம் கர்நாடக சங்கீத ரசிகர்கள் செய்திருக்கும் சேவை தனியே சொல்லத் தக்கது. பழைய கச்சேரிப் பதிவு ஒன்று இரண்டரை மணி நேரம் ஓடும். பதிவேற்றியவர் பாடகர் பெயரும் சபையின் பெயரும் மட்டும் கொடுத்திருப்பார். சில நாள்களுக்குள் ரசிகர் ஒருவர் கீழே, இந்த நிமிஷத்தில் வர்ணம், இந்த நிமிஷத்தில் இன்ன ராக ஆலாபனை, இங்கே கிருதி, அதன் தாளம், அதை இயற்றியவர், இங்கே நிரவல், இங்கே தனி ஆவர்த்தனம், கடைசியில் விருத்தமும் மங்களமும் என்று ஒன்று விடாமல் எழுதி வைப்பார். இன்னொருவர் வந்து, அது அந்த ராகமன்று, அதன் ஜன்யம் என்று திருத்துவார். பிரதிப் பலனை எதிர்பாராமல் செய்யும் இந்த வேலை, யூசிபியஸின் அட்டவணைக்கும் பாரிஸ் துறவிகளின் அகராதிக்கும் நேரான வாரிசு என்று நான் தயங்காமல் சொல்வேன். அந்தப் பட்டியலைப் பார்த்துத் தோடி ஆலாபனைக்கு மட்டும் என்று வருகிறவர், அதற்கடுத்த கிருதிக்கும் உட்கார்ந்து, தனி ஆவர்த்தனத்தையும் கேட்டுவிட்டு எழுந்திருக்கிறார். பட்டியல் இல்லாவிட்டால் அவர் இரண்டரை மணி நேரம் என்ற கணக்கைப் பார்த்த அளவிலேயே வேறிடம் போயிருப்பார்.

இதற்கிடையில் யூடியூப் தன் அளவுகோலையே மாற்றிக்கொண்டது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கே முதன்மை கொடுத்துக் காணொளிகளை முன்னிறுத்துவது என்று 2012இல் தீர்மானித்தது. அன்றுமுதல், நேயர்கள் எந்தெந்த நிமிஷத்தில் நழுவினார்கள் என்பதைக் காட்டும் வளைகோடு, சேனல் நடத்துகிறவர் தினந்தோறும் பார்த்து வருந்துகிற அல்லது மகிழ்கிற ஒன்றாகிவிட்டது. இந்தச் சூழலில் அத்தியாய வசதி வந்தபோது பலர் அஞ்சியதில் ஆச்சரியமில்லை. தாவிச் செல்ல நாமே வழி காட்டினால் பார்க்கும் நேரம் குறையாதா என்பது அவர்களுடைய ஐயம். விதிகளோ மிக எளியவை: விவரக் குறிப்பில் முதல் நேரம் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்களாவது ஏறுவரிசையில் இருக்க வேண்டும், எந்தப் பகுதியும் 10 வினாடிக்குக் குறையக்கூடாது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகக் கீழே எழுதி வந்த பட்டியலின் வடிவமே இது. அது மேலே ஏறி உத்தியோக அந்தஸ்துப் பெற்றது, அவ்வளவுதான்.

அந்த ஐயத்தை எடுத்துப் பார்ப்போம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் மூன்று மணி நேர வரலாற்றுப் பாடம் ஒன்றைத் திறக்கிறார். அவருக்கு அன்று வேண்டியது பாளையக்காரர் புரட்சி மாத்திரமே. குறி இல்லையேல் அங்குமிங்கும் இழுத்துப் பார்த்து, அகப்படாமல், இரண்டு நிமிஷத்தில் வெளியேறுவார். குறி இருந்தால் நேரே சென்று அந்த அரை மணி நேரத்தையும் பார்ப்பார். அடுத்த தலைப்பு வேலூர்ப் புரட்சி என்று கண்ணில் பட்டால் அதற்கும் இருப்பார். நாளைக்கு மற்றொரு பாடத்துக்கு அதே ஆசிரியரிடம் வருவார். இட்லி மாவுக்கு அரிசி எத்தனை, உளுந்து எத்தனை என்று மட்டும் பார்க்க வந்தவரும் இப்படியே. தாவிச் சென்றதனால் குறைந்த நிமிஷங்கள், தாவ முடிந்ததனால் தங்கிய நிமிஷங்களுக்கு ஈடாகமாட்டா என்பது என் துணிபு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தலைப்பு மெய்யாக இருக்க வேண்டும். ‘யாரும் சொல்லாத ரகசியம்’ என்று பகுதிக்குப் பெயரிட்டு, உள்ளே எல்லோரும் அறிந்ததையே வைப்பவர், நேயரை ஒருமுறை நிறுத்தி வைக்கலாம்; தலைப்பு என்ற சொல்லின்மீதே அவருக்கு இருந்த நம்பிக்கையை அந்த ஒருமுறையில் கெடுத்துவிடுகிறார். பேச்சுக்கு இயல்பான மூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே பிரித்து, அங்கே இருப்பதையே பெயராகச் சொல்லுகிறவரிடம்தான் நேயர் நிலைத்து நிற்கிறார்.

2020ஆம் ஆண்டு இறுதியிலேயே, பிரிக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் பரீட்சையும் தொடங்கிவிட்டது. காணொளியில் வரும் எழுத்துக்களைக் கணினி தானே படித்துணர்ந்து, பகுதிகளை வகுத்துத் தலைப்பும் இடுகிறது. உரிமையாளர் விரும்பினால் அதைத் தள்ளிவிட்டுத் தாமே எழுதலாம். 2022 மே மாதத்திலிருந்து, மிகுதியாகத் திரும்பப் பார்க்கப்பட்ட இடங்களைக் கோட்டின்மேல் மேடாக எழுப்பிக் காட்டும் வரைபடமும் சேர்ந்தது. நேயர் கூட்டம் முழுவதும் தன்னை அறியாமலே குறியிடும் நிலை அது. குறியிட ஆளில்லாத கோடிக்கணக்கான காணொளிகளுக்கு இவை பேருதவிதான். ஆனால் பவுல் கையமர்த்தி நின்ற இடத்தில் வெட்டியது படித்த மனிதரின் கையே என்பதை நினைத்தால், படித்தலும் பொருளறிதலும் இல்லாத கை எத்தனை இடங்களில் அப்படி வெட்டும் என்ற கவலை எழாமலில்லை. ஆலாபனையில் கணினி படிப்பதற்கு எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை. காம்போதி முடிந்து மேல்ஸ்தாயி ஷட்ஜத்தில் நின்ற பாடகர் கிருதியின் பல்லவியை எடுக்கும் அந்த வினாடியை, இன்றும் ஏதேனும் ஓர் ஊரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ரசிகர்தான் நிமிஷமும் வினாடியுமாகக் குறித்துக் கீழே எழுதி வைக்கிறார். சேனலை நடத்துகிறவர் அந்தப் பட்டியலை எடுத்து, அவருக்கு நன்றி சொல்லி, விவரக் குறிப்பில் சேர்க்கும்போது அடிக்கோடு அவ்விடங்களில் பிரிந்து நிற்கிறது.